மடக்குக் கத்தி வாங்குமுன்: எஃகின் பெயரைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

மடக்குக் கத்தி பற்றிப் பேச்செடுத்தாலே முதல் கேள்வி "என்ன ஸ்டீல்?" என்பதாகத்தான் இருக்கிறது. பதிலாக எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பெயர் வரும்: டி2, 440சி, எஸ்30வி. பெயர் பிரபலமாக இருந்தால் கத்தி உசத்தி, இல்லாவிட்டால் மட்டம் என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இதை நம்பிக் கூடுதல் விலைக்கு வாங்கிய கத்தி ஒரு அட்டைப்பெட்டியைக்கூடச் சீராக அறுக்க மாட்டேன் என்கிறது. எளிய எஃகில் செய்த கத்தியோ எத்தனையோ பேரின் பையில் ஆண்டுக்கணக்காக உழைத்துக்கொண்டிருக்கிறது.

எஃகின் பெயர் கத்தியின் மூலப்பொருளைச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்த எஃகை எப்படிச் சுட்டுப் பதப்படுத்தினார்கள், அலகை எவ்வளவு மெல்லியதாக இழைத்தார்கள், மடங்கும் மூட்டை எவ்வளவு துல்லியமாகப் பொருத்தினார்கள் என்ற மூன்றும் பெயரில் இல்லை. வேலைக்கும் வேட்டைக்கும் ஒரு கத்தி வாங்க நினைக்கும் புதியவருக்கு இந்த மூன்றும் புரிந்தால் போதும், பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

கத்தி எப்படி வெட்டுகிறது?

ஒரே பென்சிலை இரண்டு விதமாகச் சீவலாம். ஊசிபோல நீளமாகச் சீவினால் கோடு மெல்லியதாக விழும். கொஞ்சம் அழுத்தினால் நுனி ஒடிந்துவிடும். குட்டையாகச் சீவினால் ஒடியாது. ஆனால் கோடு தடிக்கும். உள்ளே இருக்கும் கரி ஒன்றுதான், சீவிய விதம்தான் வேறு.

கத்திக்கும் இதே கதைதான். அலகின் இரண்டு சரிவுகளும் வந்து சேரும் கோட்டுக்கு வெட்டுவாய் என்று பெயர். நன்றாகத் தீட்டிய கத்தியில் அந்தக் கோட்டின் அகலம் ஒரு மைக்ரான் அளவில் இருக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் பொதுவாக 50 முதல் 100 மைக்ரான். கை கொடுக்கும் விசை முழுவதும் அந்த மெல்லிய கோட்டில் குவிவதால்தான் அழுத்தம் பெருகிப் பொருளின் இழைகள் அறுகின்றன.

ஆனால் வெட்டுவாய் உள்ளே நுழைந்ததோடு வேலை முடிவதில்லை. அதற்குப் பின்னால் வரும் அலகும் அந்தப் பிளவுக்குள் போயாக வேண்டும். அலகு தடித்திருந்தால் பொருளை அறுப்பதற்குப் பதிலாக ஆப்புப்போல நெருக்கிப் பிளக்கும். மயிரைச் சிரைக்கும் அளவுக்குக் கூரான கத்தி தடித்த அட்டையில் பாதி வழியில் சிக்கிக்கொள்வது இதனால்தான். கூர் இருக்கிறது, வழிவிடும் மெல்லிசு இல்லை.

ஆகவே கடையில் கத்தியைப் பார்க்கும்போது அலகின் முதுகுத் தடிமனை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. தீட்டிய சரிவு முடிந்து அலகின் உடல் தொடங்கும் இடத்தில் எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். அங்கே அரை மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் அன்றாட வேலைக்கு நல்ல அளவு. ஒரு மில்லிமீட்டரை நெருங்கினால் அது முரட்டு வேலைக்கான கத்தி. மெல்லிய வேலைக்கு மல்லுக்கட்டும்.

இன்னொன்று தீட்டும் கோணம். மடக்குக் கத்திகளுக்குப் பெரும்பாலும் பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வரை வைப்பார்கள். 15 பாகையில் வெட்டு வழுக்கிக்கொண்டு போகும். 20 பாகையில் வாய் உறுதியாக நிற்கும். இது நீங்களே சாணைக்கல்லில் மாற்றிக்கொள்ளக் கூடியது. அலகின் தடிமனை மாற்றுவது அப்படி எளிதல்ல, அதை வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

இதுவரை பார்த்தது: கூர்மை வெட்டைத் தொடங்கிவைக்கிறது, மெல்லிய அலகு அதை நடத்திச் செல்கிறது. மெலிய மெலிய வெட்டு எளிதாகும், தாங்கும் சக்தி குறையும்.

எஃகுக்குள் என்ன நடக்கிறது?

இரும்போடு சிறிதளவு கார்பன் சேர்ந்தது எஃகு. கத்திக்கான எஃகில் கார்பன் ஏறத்தாழ அரை விழுக்காட்டிலிருந்து ஒன்றரை விழுக்காடு வரை இருக்கும். இந்தச் சிறு அளவுதான் எஃகைக் கெட்டியாக்குகிறது, அதுவும் தானாக அல்ல. எஃகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சினால் கார்பன் இரும்புக்குள் கரைந்துவிடும். அந்தச் சூட்டிலேயே எண்ணெயிலோ காற்றோட்டத்திலோ சட்டென்று குளிர்வித்தால், கார்பன் வெளியேற நேரமில்லாமல் இரும்பின் அணு அடுக்குக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அடுக்கு நெளிந்து இறுகிவிடும். அந்த இறுக்கம்தான் கடினத்தன்மை.

அப்படியே விட்டால் எஃகு கண்ணாடிபோல நொறுங்கும். அதனால் மறுபடியும் மிதமான சூட்டில், பல எஃகுகளுக்கு 150 முதல் 250 பாகை செல்சியஸில், சிறிது நேரம் வைத்து அந்த இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். காய்ச்சுவது, குளிர்விப்பது, தளர்த்துவது ஆகிய மூன்றையும் சேர்த்து வெப்பப் பதப்படுத்தல் என்கிறோம். கத்தியின் குணத்தில் பெரும்பகுதி இங்கேதான் தீர்மானமாகிறது.

கடினத்தன்மையை அளக்க ராக்வெல் சி என்ற அளவுகோல் உண்டு. வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையில் எஃகின்மேல் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். எண் கூடினால் எஃகு கெட்டி. நல்ல மடக்குக் கத்திகள் பெரும்பாலும் 55க்கும் 62க்கும் இடையில் இருக்கும்.

எண் கூடினால் கத்தியும் நல்லது என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கடினத்தன்மைக்கு எதிர்ப்பக்கத்தில் தாங்குதிறன் என்று ஒன்று இருக்கிறது. அடி விழுந்தால், பக்கவாட்டில் வளைந்தால், சிதறாமல் நிற்கும் சக்தி அது. பொதுவாக ஒரே எஃகில் கடினத்தைக் கூட்டினால் தாங்குதிறன் குறையும். 62இல் இருக்கும் கத்தி அட்டையை நாள் முழுக்க வெட்டும். எலும்பில் இடறினால் வாயில் சிறு துண்டு பெயர்ந்து பல் விழலாம். 56இல் இருப்பது சீக்கிரம் மழுங்கும். ஆனால் பல் விழாமல் வாய் மடிந்துதான் நிற்கும், கல்லில் சில இழுப்பில் சரியாகிவிடும். விக்டோரிநாக்ஸ் கத்திகளின் எஃகு 56ஐ ஒட்டித்தான் இருக்கிறது. எல்லோருடைய கையிலும் எல்லா வேலையையும் தாங்க வேண்டிய கத்திக்கு அது பொருத்தமான தேர்வு என்றே நான் சொல்வேன்.

அடுத்து துரு. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகில் சுமார் 13 விழுக்காடு குரோமியம் இருந்தது. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எஃகின்மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிகிறது. அதுதான் துருவைத் தடுக்கிறது. டி2 எஃகிலும் ஏறக்குறைய 12 விழுக்காடு குரோமியம் உண்டு, ஆனாலும் ஈரத்தில் விட்டால் புள்ளி விழும். ஏனென்றால் அதில் கார்பன் ஒன்றரை விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. குரோமியத்தில் ஒரு பங்கை அந்தக் கார்பன் பிடித்து வைத்துக்கொள்கிறது. படலமாகப் படிய மிஞ்சுவது குறைவு.

அப்படிக் கார்பன் பிடித்துவைத்த குரோமியம் வீணாவதில்லை. இரண்டும் சேர்ந்து கார்பைடு எனப்படும் மிகக் கெட்டியான நுண்மணிகளாகின்றன. எஃகுக்குள் விதைத்ததுபோல் கிடக்கும் இந்த மணிகள் தேய்மானத்தைத் தடுக்கும். வெனடியம் சேர்த்தால் இன்னும் கெட்டியான மணிகள் கிடைக்கும். எஸ்30வி போன்ற எஃகுகள் நீண்ட நேரம் கூர் காப்பது அவற்றால்தான். தீட்டும்போது படுத்தி எடுப்பதும் அவையே. வெனடியம் கார்பைடு சாதாரணச் சாணைக்கல்லின் துகளைவிடக் கெட்டி. அந்த வகைக் கத்தி வாங்கினால் கூடவே வைரத்தூள் பூசிய கல்லும் வாங்கிவிடுங்கள்.

இதுவரை பார்த்தது: கடினம், தாங்குதிறன், தேயாத குணம், துருப்பிடிக்காத குணம் என்று நான்கு. நான்கையும் ஒரே எஃகில் உச்சத்துக்குக் கொண்டுபோக முடியாது. உங்கள் வேலைக்கு எது குறைந்தால் பரவாயில்லை என்று தெரிந்துகொள்வதுதான் தேர்வு.

பெயரில் ஏமாறும் இடங்கள்

அமெரிக்காவின் பக் நிறுவனத்தின் 110 என்ற மடக்கு வேட்டைக் கத்தி 1960களின் நடுவிலிருந்து விற்பனையில் இருக்கிறது. நெடுங்காலமாக அதன் வழக்கமான எஃகு 420எச்சி. பட்டியல் போட்டால் கடைசி வரிசையில் வரும் பெயர். ஆனால் அதைச் சரியாகப் பதப்படுத்தி 58 அளவுக்குக் கொண்டுவருவதால், வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அதை நம்பிக் கையில் எடுக்கிறார்கள். அதே பெயர் பொறித்து, அரைகுறையாகப் பதப்படுத்திய வேறொரு கத்தி ஒரு பெட்டியைப் பிரிப்பதற்குள் மழுங்கலாம்.

"சர்ஜிக்கல் ஸ்டீல்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்குத் திட்டமான பொருள் எதுவும் கிடையாது. "440" என்று மட்டும் இருந்தாலும் உஷாராகுங்கள். 440ஏ, 440பி, 440சி என்று மூன்று உண்டு; ஏ வகையில் கார்பன் 0.60 முதல் 0.75 விழுக்காடு, சி வகையில் 0.95 முதல் 1.20 வரை. சி வகையைப் பயன்படுத்தியவர் அந்த எழுத்தை விட்டுவிட மாட்டார். அலை அலையாகக் கோலம் தெரியும் டமாஸ்கஸ் அலகு கண்ணுக்கு அழகு, அந்தக் கோலம் கூருக்குச் சான்றாகாது.

மூட்டும் பூட்டும்

மடக்குக் கத்தியில் மிகப் பலவீனமான இடம் அதன் மூட்டு. அலகு ஒரு அச்சைச் சுற்றித் திரும்புகிறது. விரித்த நிலையில் அதை நிறுத்திவைக்கும் அமைப்பே பூட்டு. அலகு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அழுத்தி வேலை செய்கிற நேரத்தில் பூட்டு விட்டுவிட்டால் அது நேராக விரல்மேல்தான் மடங்கும். ஆகவே, எஃகில் சமரசம் செய்துகொள்ளுங்கள், மூட்டில் வேண்டாம்.

பழைய பேனாக்கத்திகளில் பூட்டே இருக்காது. முதுகுப் பக்கத்து ஸ்பிரிங் அலகின் அடிப்பகுதியை அழுத்திப் பிடித்திருக்கும். வலுவாகத் தள்ளினால் மடங்கிவிடும். பழம் நறுக்க, கயிறு அறுக்க இது தாராளம். குத்தி அழுத்தும் வேலைக்கு ஆகாது.

பக் 110இல் இருப்பது முதுகுப் பூட்டு. பிடியின் முதுகில் ஓடும் கம்பி ஒன்றின் கொக்கி, அலகின் அடியிலுள்ள வெட்டில் விழுந்து பிடித்துக்கொள்ளும். மடக்கும்போது விரல் அலகின் வழியில் வராது என்பது இதன் நன்மை. அந்த வெட்டுக்குள் கொழுப்போ பஞ்சோ அடைத்தால் கொக்கி முழுதாக இறங்காது என்பது குறை.

லைனர் பூட்டில், பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியை முட்டுக்கொடுக்கும். பிடியின் உலோகச் சட்டமே அந்த வேலையைச் செய்தால் அது ஃபிரேம் பூட்டு. இரண்டிலும் அலகை விரித்துப் பின்பக்கமாகப் பாருங்கள்: தகடு அலகின் அடியில் கால்பங்கிலிருந்து அரைப்பங்கு வரை ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் நழுவும். எதிர்ப்பக்கம் வரை போய்விட்டிருந்தால் தேய்மானத்துக்கு இடம் மிச்சமில்லை. இவற்றை மடக்கும்போது கட்டைவிரல் அலகின் பாதையில் இருக்கும், அதைப் பழக வேண்டும்.

பிரான்சின் ஓப்பினெல் கத்தியில் 1955இல் வந்த வளையப் பூட்டு எல்லாவற்றையும்விட எளிது. அலகை விரித்து, கழுத்திலுள்ள உலோக வளையத்தைத் திருகினால் முடிந்தது. பிரித்துப் பார்க்காமலேயே புரிந்துவிடும் அமைப்பு. குறைந்த செலவில் மெல்லிய அலகும் நல்ல பூட்டும் வேண்டும் என்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மரப்பிடி ஈரத்தில் ஊதி, அலகு இறுகிக்கொள்ளும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

பூட்டைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அலகை விரித்து, முதுகுப் பக்கமாக விரல்களால் பிடித்து, இடவலமாக மெல்ல அசையுங்கள். பிறகு மேலும் கீழுமாக. இடவலமாகத் தெரியும் சிறிய ஆட்டம் பெரும்பாலும் அச்சுத் திருகைக் கொஞ்சம் இறுக்கினால் போய்விடும். மேலும் கீழுமான ஆட்டம் பூட்டின் பொருத்தம் சரியில்லை என்பதற்கு அடையாளம். அது திருகுக்கு அடங்காது. அப்படிப்பட்ட கத்தியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அலகின் முதுகை மேசையில் ஓங்கித் தட்டிச் சோதிக்கிறார்கள் சிலர். அது நல்ல பூட்டையும் கெடுக்கும்.

எவ்வளவு நல்ல பூட்டாக இருந்தாலும் நெம்புவதற்கும் சுத்தியலால் அடித்து மரம் பிளப்பதற்கும் மடக்குக் கத்தி ஆகாது. அதற்கு மடங்காத, அலகும் பிடியும் ஒரே துண்டாக ஓடும் கத்தி வேண்டும்.

வேலைக்கு ஒன்று, வேட்டைக்கு ஒன்றா?

வேலைத்தளத்தில் கத்தி சந்திக்கும் பெரிய எதிரி அட்டை. அதன் நாருக்குள் கலந்திருக்கும் கனிமத் துகள்கள் வெட்டுவாயை உரசி உரசித் தேய்க்கின்றன. இங்கே தேயாத குணம் முக்கியம்; டி2, எஸ்30வி போன்றவை தம் விலைக்கு ஈடு கொடுப்பது இந்த இடத்தில்தான். வயர்மேல் உறை சீவ, நாடா அறுக்க, வாய் நேர்க்கோடாகவும் நுனி மொண்ணையாகவும் இருக்கும் அலகு பாதுகாப்பானது. ரம்பப்பல் வைத்த அலகு கயிற்றைப் பிய்த்துத் தள்ளும். ஆனால் அதைத் தீட்டத் தனிக் கோல் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

வேட்டையில் கதை வேறு. இங்கே தோல், சதை, மூட்டுநார், எதிர்பாராமல் இடறும் எலும்பு. நுனி முதுகிலிருந்து மெல்லச் சரிந்து அலகின் நடுக்கோட்டை ஒட்டி வரும் வடிவம் இதற்கு உகந்தது. சரிநுனி என்று வைத்துக்கொள்வோம். வயிற்றைத் திறக்கும்போது அலகை வாய் மேற்புறமாகப் பிடித்து, இரண்டு விரலை இருபுறமும் வைத்துத் தோலைத் தூக்கிக்கொண்டே நகர்த்துவார்கள். நுனி தாழ்ந்திருந்தால் குடலைக் குத்தாது. குடல் கிழிந்தால் இறைச்சி அசுத்தப்படும். எனவே, மேல்நோக்கி ஏறிய ஊசிநுனி இந்த வேலைக்குப் பொருந்தாது. தோலுரிக்க வாயில் நல்ல வளைவு வேண்டும்.

வேட்டைக்காரர்கள் தோலை வெளியிலிருந்து வெட்டாமல், நுனியை உள்ளே விட்டு உள்ளிருந்து வெளியே வெட்டுவார்கள். மயிருக்குள் மண்ணும் மணலும் ஒட்டியிருக்கும். அதை அறுத்துக்கொண்டு போனால் எந்த எஃகும் சீக்கிரம் மழுங்கும். கத்தி கூர் நிற்கவில்லை என்று குறைபடும் பல இடங்களில் குற்றம் வெளியிலிருந்து வெட்டும் பழக்கத்தில்தான் இருக்கிறது.

மடக்குக் கத்தியை வேட்டைக்கு எடுத்துச் செல்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இரத்தமும் கொழுப்பும் மூட்டுக்குள் இறங்கும். பிடியின் முதுகுப்பக்கம் திறந்திருந்தால் தண்ணீர் விட்டு அலசிவிடலாம். மூடியிருந்தால் உள்ளேயே காய்ந்து நாறும், பூட்டையும் அடைக்கும். வெந்நீரும் சோப்பும், பிறகு நன்றாக உலர்த்தல், அச்சில் உணவுக்கு ஆகும் மினரல் எண்ணெய் ஒரு சொட்டு. வீடு திரும்பிய அன்றே இதைச் செய்துவிட வேண்டும்.

இரண்டுக்கும் ஒரே கத்திதான் என்றால் அலகு 8 முதல் 9 சென்டிமீட்டர், சரிநுனி, வாய்க்குப் பின்னால் அரை மில்லிமீட்டர் தடிமன், துருப்பிடிக்காத எஃகு, ராக்வெல் கடினம் 58 முதல் 60 வரை, நம்பகமான பூட்டு. இதைவிட நீளமான அலகு மானின் வயிற்றுக்குள் கை விடும்போது இடைஞ்சல்தான்.

பிடி

உலோகப் பிடி ஈரத்தில் வழுக்கும், குளிரில் விறைக்கும். கண்ணாடி இழையும் எபாக்சிப் பிசினும் சேர்த்து அழுத்திய ஜி10, துணியும் பிசினும் சேர்த்த மைகார்ட்டா இரண்டும் நனைந்தாலும் பிடி தரும். நான்கு விரலும் முழுதாக உட்கார வேண்டும். சுண்டுவிரல் வெளியே தொங்கினால் அழுத்தம் கொடுக்க முடியாது. காட்டுக்குப் போகிறவர் ஆரஞ்சு நிறப் பிடியாகப் பார்த்து வாங்கட்டும். சருகுக்குள் விழுந்த பழுப்புக் கத்தியைத் தேடுவது பெரும்பாடு.

சட்டம்

கத்தியை வைத்திருப்பதும் வெளியே எடுத்துச் செல்வதும் இடத்துக்கு இடம் வேறுபடும். பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்டிமீட்டருக்கு, மிகாத அலகுள்ள பூட்டில்லாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் எடுத்துச் செல்லலாம். பூட்டு இருந்தால் அந்தச் சலுகை இல்லை. வேட்டையும் சட்டம் அனுமதிக்கும் இடத்தில், அனுமதிக்கும் காலத்தில், உரிமத்தோடு மட்டுமே. வாங்குமுன் உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு

புதுக் கத்தியை விளக்குக்கு நேரே பிடித்து, வெட்டுவாய் உங்களை நோக்கி இருக்கும்படி மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பாது, கோடே தெரியாது. எங்காவது வெள்ளைப் புள்ளியோ கீற்றோ மினுங்கினால் அங்கே வாய் மழுங்கியோ மடிந்தோ இருக்கிறது. ஆலைக் கூர் பல கத்திகளில் இப்படித்தான் வரும், பதற வேண்டியதில்லை.

சாணைக்கல்லில் ஒரு பக்கத்தை, மறுபக்கத்தில் பிசிறு எழும்வரை தேயுங்கள். பிசிறு என்பது வாயின் ஓரத்தில் எழும் மெல்லிய உலோகச் சுருள். விரலை முதுகிலிருந்து வாய் நோக்கி மெல்ல இழுத்தால் நகத்தோரம் தட்டுப்படும். அது வாய் நெடுகிலும் தட்டுப்பட்ட பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். இரு பக்கமும் முடிந்ததும் அழுத்தத்தைக் குறைத்து மாற்றி மாற்றி இழுத்துப் பிசிறை நீக்கி, தோல்வாரில் சில முறை உருவுங்கள். மறுபடி விளக்கில் பார்த்தால் வெள்ளைக் கீற்று மறைந்திருக்கும். அதற்குப் பிறகு அந்த வாய் எத்தனை நாள் தாங்குகிறது என்று கவனியுங்கள். ஆலையில் தீட்டும் சக்கரத்தின் சூட்டில் வாயோரம் இளகிப்போவது உண்டு. அதனால் கத்தியின் எஃகு எப்படிப்பட்டது என்பதை முதல் சில தீட்டல்கள் கடந்த பிறகே சரியாகச் சொல்ல முடியும்.